சோத்தாங்கை

கல் அச்சுக்குப் படம் போடுகிறவன் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றித்தான் வரைய வேண்டும். கல்லில் இடது கையாக வரைந்தது தாளில் வலது கையாக விழும். மதுரையில் ஓர் அச்சாபீசில் பன்னிரண்டு வருஷம், பிள்ளைகளின் படப் புத்தகங்களுக்கு நான் அப்படித்தான் வரைந்தேன். ஆனை, ஆடு, அணில் எதுவும் என்னை மாட்டிவிட்டதில்லை. மாட்டிவிட்டது ஓர் அம்மா படம்.

அப்போது என் மனைவி காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேலை முடிந்து கோச்சடையில் என் ஒற்றை அறைக்குப் போனால் பேச்சுத் துணைக்குச் சுவர்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படம் போட்டவனுக்குப் பெண்டாட்டியை ஒரு தடவை உட்கார வைத்து வரையத் தோன்றவில்லை. போட்டோவும் கிடையாது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

அவளுக்கு இடது கைப் பழக்கம். வீட்டில் இடது கையால் சோற்றைப் பிசைந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"பீச்சாங்கைய எடு. சோத்தாங்கை என்னத்துக்கு இருக்கு?"

"எனக்கு இதுதாங்க சோத்தாங்கை" என்று சிரித்துக்கொண்டே கையை மாற்றுவாள்.

விசேஷ வீடுகளில் வலது கையால்தான் சாப்பிடுவாள். இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் பானையில் பழைய சோறு தேடுவாள்.

"அம்புட்டுப் பெரிய பந்தியில உக்காந்துட்டு வந்து பழைய சோறா?" என்று கேலி செய்வேன்.

"நாலு பேரு முன்னால எனக்குச் சோறு எறங்கலைங்க" என்பாள். கூச்சக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷப் புத்தகத்தில், பிள்ளைக்குச் சோறு ஊட்டும் அம்மா ஒரு பக்கம் வேண்டும் என்றார் முதலாளி. இரண்டு நாள் கல்லின் மேல் குனிந்தே கிடந்து வரைந்தேன். முதல் தாளை எடுத்துக் காட்டியபோது அவர் முகம் மாறியது.

"என்னய்யா இது? பெத்த தாயி பீச்சாங்கையில ஊட்டுறா. எந்த வீட்டுலய்யா இப்படி ஊட்டுறாக?"

எந்த வீடு என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இடம் வலம் மாற்ற மறந்திருந்தேன். தாளில் அவள்தான் இருந்தாள். அதே நெற்றி, அதே சாய்ந்த கழுத்து, அதே கை.

"கல்லைத் தேய்ச்சுட்டு வேற போடுய்யா. இந்தத் தாளைக் கிழிச்சுப் போடு. யாராச்சும் பாத்தா மானம் போயிரும்."

"கிழிக்க மாட்டேன் முதலாளி. வேலைய விட்டு நிறுத்தினாலும் சரி."

அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன தோன்றியதோ, "வெளியில காட்டிராதய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லை நானே தேய்த்தேன். புது அம்மாவுக்கு வேறு முகம் வைத்தேன். என் பெண்டாட்டி முகத்தோடு வலது கையைச் சேர்க்க மனசு வரவில்லை. புத்தகம் நன்றாகப் போயிற்று. மேலூர்ச் சந்தையில் ஒருத்தி தன் பிள்ளைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அந்தத் தாளை அறைச் சுவரில் ஒட்டி, அதற்கு எதிரில் உட்கார்ந்து தினமும் சாப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்ன நினைத்தேனோ, இடது கையால் பிசைந்து பார்த்தேன். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. ரசம் முழங்கைக்கு வழிந்தது. பருக்கை மடியெல்லாம் விழுந்தது. யாரும் இல்லாத அறையிலேயே எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு வாய்க்கு மேல் முடியாமல், பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தேன். பசி அப்படியே இருந்தது.

கையைக் கழுவும்போதுதான் உறைத்தது. அவள் கூச்சக்காரி இல்லை. ஒவ்வொரு பந்தியிலிருந்தும் என் பெண்டாட்டி பசியோடுதான் எழுந்து வந்திருக்கிறாள். பழைய சோற்றைத் தின்னவும் நான் கேலி பேசாமல் விட்டதில்லை.