பெட்டியைத் திறந்து காட்டி விற்ற கடை

போன வாரம் என் வீட்டுக்காரர் செல்போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தவர், திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ன என்று கேட்டபடி செல்போனைப் பிடுங்கிப் பார்த்தேன். விளையாட்டுக்குள் ஒரு மர்மப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். தங்க வாள் வரும் என்று எதிர்பார்த்தாராம். திறந்தால் ஒரு ஜோடி பச்சைக் காலுறை. நாற்பத்தைந்து வயது மனிதர், மின்வாரியத்தில் வேலை, வீட்டில் தேங்காய் வாங்கினால் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்தபோது, கீழக்கரையில் நான் அக்காவாக நினைத்த ரஹிமா ராத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. ராத்தா இதைப் பார்த்திருந்தால், விற்றவனைத் தேடிப் பிடித்துத் திட்டியிருப்பார்.

இருபது வருடத்துக்கு முன் நான் கீழக்கரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். என் ஊர் அக்காள்மடம். அய்யா கடலுக்குப் போவார், அம்மா மீன் விற்பாள், நான் கம்ப்யூட்டர் படித்தவள். இந்த மூன்றாவது சங்கதியை அம்மா மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவாள். கிழமை நாட்களில் ராமநாதபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கீழக்கரை போய் வருவேன். சென்டருக்குள் நுழைந்ததும் ஏ.சி. குளிரும் அத்தர் வாசனையும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் சேர்ந்து வரும். இன்றைக்கும் எங்காவது பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கம் மூக்கை வைத்தால் எனக்குத் தொதல் தின்ன ஆசை வருகிறது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய அந்தக் கீழக்கரைத் தொதலை ராத்தா தினமும் வாழை இலையில் மடித்துக் கொண்டுவருவார். கீபோர்டில் ‘எம்’ எழுத்து ஒட்டிக்கொண்டதற்கும் அந்தத் தொதல்தான் காரணம்.

சென்டர் ராத்தாவின் அண்ணனுடையது. ஊரே அவரைக் காக்கா என்று கூப்பிட்டதால் நானும் காக்கா என்றே கூப்பிட்டேன். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு சாயங்கால அஸர் வரைக்கும் பெண்களுக்கு மட்டும். காக்கா கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். வளைகுடாவில் இருக்கும் கணவன்மாரோடு பேச வருகிற பெண்கள் கூட்டம் அது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆளாளுக்கு உரக்கப் பேசுவார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மாமியார் என்ன சொன்னாள், எல்லாம் எனக்குத் தெரியும். சம்பளத்தில் சேராத வரும்படி அது.

ரஹிமா ராத்தாவும் துபாயில் இருந்த மச்சானோடு பேசத்தான் வருவார். கணவரை மச்சான் என்றுதான் சொல்வார். பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்துக்கு நான்தான் ஒரு கொரிய இணைய விளையாட்டைக் காட்டிக் கொடுத்தேன். ராஜாக்கள் காலத்து ஊர், நடுவே ஒரு சதுக்கம், அதில் ஒரு நீரூற்று. அரக்கர்களைக் கொன்று பொருள் சேர்க்க வேண்டும். ராத்தா ஒரே ஒரு அரக்கனை அடித்தார். அது அலறிக்கொண்டு விழுந்ததும், “பாவமா இருக்கு புள்ள, இது வேணாம்” என்று மவுஸை விட்டுவிட்டார். ஆனால் சதுக்கத்தில் மற்ற ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தலைக்கு மேல் பலகை மாட்டிக் கடை போட்டிருப்பதைப் பார்த்ததும் கண் விரிந்தது.

“இங்கன யாவாரமும் உண்டா?”

உண்டு. ஒருவர் வாளை மலிவாக வாங்கி, தேவைப்படுகிறவருக்குக் கூடுதலாக விற்கலாம். அவசரக்காரர்கள் விளையாட்டுக் காசுக்குப் பதிலாக நிஜப் பணமே தருவார்கள். சென்னை, பெங்களூர்ப் பையன்கள் ராத்தாவின் வங்கிக் கணக்கில் பணம் போடுவார்கள், ராத்தா உள்ளே பொருளைக் கைமாற்றுவார். விளையாட்டை நடத்திய கம்பெனி அதைக் கண்டும் காணாமல் இருந்த காலம். தலைமுறை தலைமுறையாகக் கப்பலில் சரக்கு ஏற்றிய குடும்பத்துப் பெண் ராத்தா. ஒரு மாதத்தில் எந்தப் பொருளின் விலை எந்தக் கிழமை இறங்கும், எந்தக் கிழமை ஏறும் என்பதெல்லாம் அத்துப்படி. எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அதில் அம்மாவுக்கு ஒரு தராசு வாங்கிக் கொடுத்தேன், நம்புங்கள்.

அந்தச் சதுக்கத்திலும் மர்மப் பெட்டிதான் நன்றாக ஓடும். மூடிய பெட்டி, உள்ளே வைரமும் இருக்கலாம், வைக்கோலும் இருக்கலாம். ராத்தா அதைத் தொடவே மாட்டார். “உள்ள என்னான்னு தெரியாம விக்கிறது சூது புள்ள. ஹராம்.” விலைக்கு வந்த பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பரப்பி வைத்துத்தான் விற்பார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு பொருளின் குறையையும் பலகையில் எழுதச் சொல்வார். ‘இந்த வாள் இருமுறை உடைந்து ஒட்டியது.’ ‘இந்தக் கவசம் நெருப்புக்கு ஆகாது.’ நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதிப் போடுவேன். பக்கத்துக் கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பங்குக்கு, அம்மா மீன்கூறின் மேல் இரண்டு சேர்த்துப் போடுவதுபோல, வாங்கியவருக்கெல்லாம் ஒரு மருந்துப் புட்டி கொசுறு கொடுத்தேன். கொஞ்ச நாளில் எங்கள் கடைமுன் கூட்டம் நின்றது.

இவ்வளவு மும்முரமாக ராத்தா வியாபாரம் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மூத்த பிள்ளை பிறந்தபோது மச்சான் துபாயில் இருந்தார். பிறந்த குழந்தையின் வலது காதில் பாங்கு என்னும் தொழுகை அழைப்பைச் சொல்ல வேண்டும், அதைத் தகப்பன் சொல்வது அவர்கள் வழக்கம். காக்காதான் சொன்னார். ஒன்றரை வருடம் கழித்து வந்த தகப்பனைப் பார்த்து அந்தப் பிள்ளை அலறி அழுததை ராத்தா சொல்லும்போது சிரிப்பார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாது. இப்போது இரண்டாவது வயிற்றில். மச்சானுக்கு விடுமுறை உண்டு, ஆனால் அது பிரசவத்துக்கு முன்பே முடிந்துவிடும். சம்பளமில்லாமல் இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்று அவர் வேலை பார்த்த இடத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு மாதத்தைத்தான் ராத்தா சதுக்கத்தில் உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டிருந்தார்.

மச்சான் வந்து இறங்கிவிட்டார். கையிலிருந்த முதல் முழுவதையும் போட்டு ராத்தா வெள்ளிச் சிறகுகளாக வாங்கிக் குவித்திருந்தார். முதுகில் மாட்டிக்கொள்ளும் அழகுச் சிறகு. விலை ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் விளையாட்டுக் கம்பெனியின் அறிவிப்பு திரையின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை முதல் சிறகு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம், மறுபடி விற்க முடியாது. முதலில் படித்தது நான்தான்.

“ராத்தா, இன்னும் யாரும் பாக்கல. இன்னைக்கே தள்ளிருவோம்.”

“வாங்குறவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அதான் சொல்றேன்.”

“ஐஸ் போட்டு நேத்து மீன விக்கிற மாதிரியா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்கம்மா அப்படி விக்காது!”

“அப்ப நீ மட்டும் ஏன் விக்கச் சொல்ற?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு வயிற்றில் கை வைத்தபடி மெதுவாகச் சொன்னார்: “மறைச்சு வித்த காசுல மச்சான இருக்க வச்சு, அந்தப் பாங்க என் புள்ள காதுல சொல்லச் சொல்லவா?”

பலகையை மாற்றினேன். ‘வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இதை விற்க முடியாது. தானே மாட்டிக்கொள்பவர் மட்டும் வாங்கவும்.’ எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. இரண்டு நாள் ஈ காக்கை வரவில்லை. விஷயம் தெரிந்த மற்ற கடைக்காரர்கள் வாயே திறக்காமல் விற்றுத் தீர்த்தார்கள், பலகை வைத்ததற்காக எங்களைக் கெட்ட வார்த்தையிலும் திட்டினார்கள். அந்த வார்த்தைகளுக்கு ராத்தா அர்த்தம் கேட்டபோது, வாழ்த்துகிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

புதன்கிழமை சேதி ஊரெல்லாம் பரவி விலை தரையில் விழுந்தது. ஏமாந்தவர்கள் சதுக்கத்தில் கத்திக்கொண்டு திரிந்தார்கள். சிறகை ஆசைக்கு மாட்டிக்கொள்ள நினைத்தவர்கள் மட்டும் எங்களைத் தேடி வந்தார்கள். மலிவாகத்தான் வாங்கினார்கள், ஆனாலும் வாங்கினார்கள். போட்டதில் பாதி தேறியது. வியாழக்கிழமை மிஞ்சிய சிறகுகளை ராத்தா புதிதாக வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தார். அன்று சதுக்கம் முழுக்க வெள்ளிச் சிறகுகள் படபடத்ததை நான் இன்னும் மறக்கவில்லை. “கொசுறுதான புள்ள” என்றார்.

பாதிப் பணத்துக்கு ஒரு மாதம்தான் நீட்டிக்க முடிந்தது. அந்த ஒரு மாதமும் முடியப்போகிறது, குழந்தையோ வருகிற வழியாகத் தெரியவில்லை. டாக்டர் சொன்ன தேதியும் தாண்டிவிட்டது. மச்சானுக்குச் சனிக்கிழமை விமானம். நான் மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன், காக்கா தர்காவுக்கு நேர்ந்துகொண்டார். விமானத்துக்கு இரண்டு நாள் இருக்க, வியாழன் காலை வலி எடுத்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வராண்டாவில் நின்றேன். மத்தியானம் கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தையின் அழுகையும், பிறகு அது அடங்கி, நடுங்கும் குரலில் ஒரு ஆள் மிக மெதுவாகப் பாங்கு சொல்வதும் கேட்டது. நான் வாய்விட்டு அழுதேன். சனிக்கிழமை மச்சான் விமானம் ஏறிவிட்டார்.

கொஞ்ச வருடத்தில் கம்பெனி விளையாட்டையே மூடிவிட்டது. ராத்தா குடும்பத்தோடு துபாய் போய்விட்டார். சென்டர் இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அன்று பிறந்த பெண் கீழக்கரை வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிறாள், ராத்தாவின் அதே கண். உம்மா கடை வைத்திருந்த கதையெல்லாம் தெரிந்திருக்கிறது. கூட்டிப்போய்த் தெருவையும் சென்டர் இருந்த இடத்தையும் காட்டினேன்.

“இது சென்டர், மாமி. கடை எங்கன இருந்துச்சு?”

எந்தப் பக்கம் கை காட்டுவது? இடிந்த வீட்டுக்குக்கூட மனை மிஞ்சுகிறது. அந்தச் சதுக்கத்துக்கும் நீரூற்றுக்கும் ஒரு பிடி மண் இல்லை. அந்தக் கடையில் ராத்தா சம்பாதித்தது இவள் காதில் விழுந்த அந்த ஒரு பாங்குதான். அதுவும் இவளுக்கு ஞாபகம் இருக்காது.