வீட்டுக் கம்ப்யூட்டரின் அட்மினிஸ்ட்ரேட்டர்

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, தம்பானூரில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

மகள் எம்.ஏ. படிக்கும்போது அவளுடைய ஆய்வேட்டை டைப் செய்வதற்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். அதை ஒழுங்குபடுத்தித் தர மலையடிவாரத்து விதுராவிலிருந்து என் அக்காவின் கணவர் வந்தார். அங்கே ஓர் ஆபீஸில் கிளார்க். ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த சான்றிதழை லேமினேட் செய்து வீட்டு வாசலுக்கு நேராக மாட்டியிருந்தவர். எங்கள் குடும்பங்களில் மூத்த மருமகனுக்குத்தான் எதிலும் முதல் இடம். பந்தியில் முதல் இலை அவருக்கு, குடும்பப் போட்டோவில் நடு நாற்காலி அவருக்கு. ஆகவே கம்ப்யூட்டரிலும் அட்மினிஸ்ட்ரேட்டர் அவர் ஒருவர்தான். எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் 'லிமிடெட்' அக்கவுண்ட். தன் பெயருக்குப் பக்கத்தில் சதுரங்கக் காய் படம் வைத்துக்கொண்டார். எனக்கு மஞ்சள் வாத்து.

தினமும் அதில் வேலை செய்கிறவளுக்கு ஒரு பிரிண்டரைச் சேர்க்க அனுமதியில்லை. மலையடிவாரத்தில் இருப்பவர் பஸ் ஏறி வந்து பாஸ்வேர்டு போட வேண்டும். விரல்களைக் கையால் மறைத்துக்கொண்டு போடுவார். நாங்களும் வெட்கமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தான் வந்து உட்கார்ந்து நாலு தடவை மவுஸைத் தட்டினார்.

"என்ன மாப்ளே, இது இப்படி இழையுது? பிள்ளையோட யூசர் பழசாயிட்டு. எடுத்துப் போட்டுட்டுப் புதுசா வைக்கணும். ஆபீஸ்ல மாசாமாசம் நான் செய்யுறதாக்கும்."

"அதுல அவ எழுதினதெல்லாம் கெடக்கே அத்தான்."

"அதே பேரு, அதே படம் வச்சுத் தாறேன். பின்னே என்ன? இது லாட்ஜ்ல சாவி எடுத்துக் குடுக்கிற வேலையில்ல, கேட்டியா?"

அத்தான் மகளின் அக்கவுண்டை அழித்தார். நடுவில் திரை என்னவோ கேட்டது. படிக்காமலே ஒன்றை அழுத்தினார். அதே பெயரில் புது அக்கவுண்ட் போட்டார். சாப்பிட்டார், மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நாலு மணிக்கு மகள் வந்து தன் பெயரைத் தொட்டாள். புதிதாய் வாங்கிய அன்று இருந்ததுபோலப் பச்சை மேடும் நீல வானமும் வந்தன. அவளுடைய மை டாக்குமெண்ட்ஸில் ஒரு எழுத்தும் இல்லை. மூன்று மாத வேலை. பிளாப்பியில் எடுத்து வைத்திருந்தது முதல் இரண்டு அத்தியாயம் மட்டும். மறுநாள் பைண்டிங்குக்குக் கொடுத்தால்தான் கடைசித் தேதிக்குள் சமர்ப்பிக்க முடியும். அவள் கத்தவில்லை. வெறுமையான அந்த ஃபோல்டரைத் திறந்து மூடித் திறந்துகொண்டே இருந்தாள்.

ஆறு மணிக்கு அத்தான் வீட்டுக்கு ஃபோன் செய்தேன்.

"அவ சேவ் பண்ணியிருக்க மாட்டா," என்றார். "இல்லேன்னா வைரஸ்."

இந்த இரண்டும்தான் அவருக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் விஞ்ஞானம் என்று அப்போது புரிந்தது. ஆனால் லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுத்தவனுக்கும் ஒரு விஷயம் தெரியும். காலி செய்துபோன ஆளின் பெயரிலேயே இன்னொருவர் மறுநாள் வந்து அறை எடுப்பது உண்டு. பெயர் ஒன்று என்பதற்காக, முன்னவர் விட்டுப்போன பெட்டியை இவர் அறையில் கொண்டு வைக்க மாட்டோம். அறையைக் காலி செய்யச் சொன்ன மேனேஜரின் மேஜைக்கு அடியில்தான் அது கிடக்கும்.

"அத்தான், அவ பேரை எடுக்கும்போது அது என்ன கேட்டுது?"

"ஃபைலை வச்சுக்கிடவா, அழிச்சுப் போடவான்னு என்னவோ. வச்சுக்கோன்னு அமுக்கினேன். அதான் சொல்லுதேன், என் மேல தப்பில்ல."

"யாருகிட்ட வச்சுக்கிடும்?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கிடும்."

"உங்க அக்கவுண்டைத் தொறந்து பாக்கணும். பாஸ்வேர்டு சொல்லுங்க அத்தான்."

"அட்மின் பாஸ்வேர்டை ஃபோன்ல சொல்லப்பிடாது மாப்ளே. செக்யூரிட்டி. நாளைக்குப் பத்து மணிக்கு நானே வந்து பாக்கேன்."

"நாளைக்கு வேண்டாம். இப்பச் சொல்லுங்க." இத்தனை வருடத்தில் அவரிடம் நான் மறுத்துப் பேசிய முதல் வார்த்தை அது.

"நீ ஆருகிட்டப் பேசுதேன்னு தெரியுதா?"

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "என்ன பொல்லாத செக்யூரிட்டி! உங்க பேரும் பொறத்தால ஒண்ணுந்தானே? அந்தப் பிள்ள அங்க கெடந்து தவிக்கு, இவரு கவர்னரு மாதிரி நிக்காரு!"

தன் பெயர், பக்கத்தில் எண் ஒன்று. இதைத்தான் கையால் மறைத்து மறைத்துப் போட்டிருக்கிறார்.

சதுரங்கக் காயைத் தொட்டு உள்ளே போனோம். அவருடைய டெஸ்க்டாப்பில், சாமி படத்துக்கு மேல், மகளின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் ஆறு அத்தியாயமும் இருந்தன. மத்தியானம் சாப்பிட எழுந்தபோது அதே திரையைப் பார்த்துக்கொண்டுதான் அவர் கை கழுவப் போனார்.

மகள் எல்லாவற்றையும் பொது ஃபோல்டருக்கு மாற்றினாள். பிறகு சி டிரைவுக்குள் கூட்டிப்போய்க் காட்டினாள். எங்கள் ஒவ்வொருவருக்கும் தனி ஃபோல்டர், ஒவ்வொன்றுக்குள்ளும் தனி டெஸ்க்டாப், தனி மை டாக்குமெண்ட்ஸ். திரையில் தெரிவது கதவில் ஒட்டிய பெயர்தான், சாமான் இருப்பது இங்கே. பூட்டிக் காத்த அட்மினிஸ்ட்ரேட்டரின் மை டாக்குமெண்ட்ஸில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தோம். மூன்று வரியில் நின்றுபோன ஒரு புரமோஷன் விண்ணப்பம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு மகள் பிரிண்ட் எடுத்து மூன்று பிரதி பைண்டிங்குக்குக் கொடுத்தாள். பத்து மணிக்கு அத்தான் வந்தபோது, அவருக்காகக் காத்திருக்காமல் நான் லாட்ஜுக்குப் போயிருந்தேன்.