பஸ்ஸில் என்னை மாற்றிக் கொடுத்தார்கள்

இன்று காலை வாடிப்பட்டியிலிருந்து பெட்ரோல் பஞ்சத்தில் கரி வாயுவால் ஓடும் பஸ்ஸில் வந்தேன். முன்சீட்டில் இரண்டு பேர் நம் மில்லின் ஹாக்கி டீமைப் பேச்சிலேயே பலப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

"திருச்சி டீம் கோல்கீப்பர் நம்ம பக்கம் வந்தாத்தேன் இந்த வருசம் கோப்பை," என்றார் துண்டு போட்டவர்.

"சும்மா தருவாகளா? பதிலுக்கு நம்ம லெஃப்ட் பேக்கைக் கொடுத்துரலாம்ணே. பந்து போனப்புறந்தேன் அவன் ஓடவே ஆரம்பிக்கிறான்," என்றார் மற்றவர்.

அந்த லெஃப்ட் பேக் நான்தான்.

டீம் மாறினால் மில் வேலையும் ஊரும் மாறும். திருப்பரங்குன்றத்தில் போன மாதம்தான் வீடு பிடித்தோம். என் மனைவிக்கு இது ஏழாம் மாதம்.

துண்டுக்காரர் திரும்பி என்னையே கேட்டார்: "நீங்க சொல்லுங்க தம்பி, கொடுத்துரலாம்ல?"

"பாவம், அவனுக்கும் குடும்பம் இருக்கும்ல," என்றேன்.

"குடும்பத்தப் பாத்தா டீம் நடத்த முடியுமா?"

பரவை வரும்வரை சட்டைக் காலர் வியர்வையில் நனைந்துகொண்டே இருந்தது. அங்கே நான் இறங்க எழுந்தபோதுதான் மற்றவர் சொன்னார்: "நேத்தே நம்ம டீம் செகரெட்டரி திருச்சிக்காரககிட்ட கேட்டுப் பாத்துட்டாராம்ணே. லெஃப்ட் பேக் மட்டும் வேணாம், வேற யாரைக் குடுத்தாலும் சரின்னுட்டாகளாம்."

வேலை பிழைத்தது. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டேன். அது பாதியிலேயே நின்றுவிட்டது.

நம் மில் சங்க அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டுகிறேன். பதில் எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன். முதலில் செகரெட்டரி எழுதட்டும்: அவர்கள் வேண்டாம் என்றபோது, என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லிப் பார்த்தீர்களா?