கணுக்காலில் இல்லாத தழும்பு

சின்ன வயதில் வண்டியூர் தெப்பத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன என்னை ஒரு பூக்காரம்மாதான் எடுத்து வளர்த்தார். அவருக்கு வேறு பிள்ளையில்லை. என் மகளுக்குக் காது குத்தும் நேரம் வந்தபோது, மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் இல்லாத குறை என்னை வாட்டியது.

அதே திருவிழாவில் பெண் குழந்தையைத் தொலைத்த குடும்பம் பேரையூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கணவருடன் பஸ் ஏறினேன். எழுபதுகளில் நடந்தது இது. அங்கே பெற்றவர்கள் இறந்துபோயிருந்தார்கள். மகன் மட்டும் இருந்தார். என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

“பருத்திப்பால் கொட்டி என் தங்கச்சிக்குக் கணுக்கால் வெந்துபோச்சு தாயி. தழும்பு இருக்கும்.”

“எனக்கு இல்லண்ணே” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

“உக்காரு. அம்புட்டுச் சின்னதுல பட்டது, மறைஞ்சிருக்கும். காதுகுத்து என்னைக்கு?”

“ஒருவேளை இவ உங்க தங்கச்சி இல்லேன்னா?” என்று கணவர் இழுத்தார்.

“இல்லேன்னா என்ன மாப்ள, என் மடி தேஞ்சா போகும்?”

சொன்னபடியே வந்தார். என் மகள் அவர் மடியில்தான் அழுதாள்.

அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் குளிக்கும்போது கணுக்காலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறேன், சின்னதாக ஏதாவது தென்படாதா என்று.