முள் அறுத்த தூண்டில்

வெள்ளிக்கிழமை காலை. மூன்று நாளாகக் காய்ச்சலில் காய்ந்த மகளின் உடம்பு அன்றுதான் குளிர்ந்திருந்தது. பூஜையை முடித்துவிட்டு விபூதித் தட்டோடு கனகாவின் பாயருகே போனேன். எழுந்து உட்கார்ந்தவள் இடது கையை நீட்டினாள்.

"சாமி விபூதி. எந்தக் கையில வாங்குறது?" என்று அதட்டினேன்.

"அது வரலப்பா," என்றாள்.

அடம் பிடிக்கிறாள் என்று நினைத்து அவளுடைய வலது கையை நானே தூக்கினேன். விட்டதும் அது மடியில் விழுந்தது, ஈரத்துணி விழுவதுபோல. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

நான் அதிகம் படித்தவனில்லை. அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டர் வேலை, குடியிருப்பது ஜோகுபாளையத்தில். டாக்டர்கள் எழுதுவதுபோல எனக்கு எழுத வராது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படி உட்கார்ந்தவன். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வந்தது இளம்பிள்ளை வாதம் (முதுகுத் தண்டில் தசைகளுக்குக் கட்டளை போகும் நரம்புகளைக் கெடுக்கும் தொற்றுக் காய்ச்சல்). இப்போது அதற்குத் தடுப்பு மருந்து வந்துவிட்டது. அன்று எங்களுக்கு அதன் பெயரே புதிது. ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு ஊசி முனையால் கனகாவின் உள்ளங்கையை லேசாகத் தொட்டார். அவள் "ஸ்ஸ்" என்றாள்.

"பாத்தீங்களா? தொட்டாத் தெரியும், சுட்டாத் தெரியும். அசைக்கத்தான் முடியாது. ஆறு மாசம், ஒரு வருஷம்னு கொஞ்சம் கொஞ்சமா வர்றது வரும். எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியாது."

யாரால் சொல்ல முடியும் என்று நான் கேட்கவில்லை. வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று, வாய்விட்டே சொன்னேன். "முருகா, இந்தக் கையைத் திருப்பிக் குடு. இனிமே என் வீட்டுக்காக ஒரு உசுரும் துடிக்காது." அன்றோடு எங்கள் வீட்டில் கறி மீன் நின்றது. என் மனைவி மரகதம் மீன் குழம்பு வைக்கும் மண்சட்டியைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

முதல் வாரங்களில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த கம்பளித் துண்டுகளைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை சுற்றினார்கள். தசை இறுகிப்போகாமல் இருக்க அது. பிறகு ஸ்பிளிண்ட் (கை தொங்காமல் தாங்கும் மரச்சட்டம்). மழைக்காலம் முடியும்போது கட்டைவிரல் அசைந்தது. மரகதம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு வார்டிலேயே அழுதாள். தைப்பூசத்துக்குள் முழங்கை மடங்கியது. தோள் மட்டும் வரவேயில்லை. மேல்கை விலாவோடு ஒட்டியே கிடந்தது.

அதைவிட எங்களை வதைத்தது வேறொன்று. அசைய ஆரம்பித்த பிறகும் கனகா அந்தக் கையைக் கூப்பிடவில்லை. தம்ளர் சாய்ந்தால் இடது கை பாயும். நாய் குரைத்தால் இடது கை என் வேட்டியைப் பிடிக்கும். வலது கையை அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

டாக்டர் அதைக் கவனித்தார். "தோள் இவ்வளவுதான்னு நினைக்கிறேன். ஆனா விரலும் முழங்கையும் இருக்கு. எல்லாத்தையும் இடது கைக்கே குடுத்துட்டான்னா, வந்த வலுவும் வீணாப் போயிடும்," என்றார்.

ஆஸ்பத்திரியில் கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் லோரா அம்மா, ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. மணி கோக்கச் சொன்னார், களிமண் பிசையச் சொன்னார். "பேஜாரா இருக்கு," என்று கனகா எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். ஒருநாள் லோரா அம்மா கைப்பையிலிருந்து ஒரு புகையிலை டப்பாவை எடுத்துத் திறந்து அவள் மடியில் வைத்தார்.

உள்ளே பூச்சிகள். தங்கப் பச்சையும் செம்பழுப்புமாக, சிறகு விரித்து, காலை நீட்டி. கனகா பின்னால் சாய்ந்தாள்.

"கடிக்காது பேபி. பொய். எல்லாம் இறகு, நூல். எங்க டாடி ரயில்வே கார்டு, லீவு கிடைச்சா காவேரிக்குப் போயிடுவார். மண்புழு கிடையாது, மாவு கிடையாது. இதைத் தண்ணி மேலே போடுவார். மீன் நெஜப் பூச்சின்னு நெனச்சு வந்துடும்."

"மீன் ஏமாந்துடுமா?"

"நீ நல்லாக் கட்டினா ஏமாந்துடும்."

இங்கிலீஷ்காரர்கள் அதை ஃபிளை என்பார்கள். நாங்கள் பொய்ப்பூச்சி என்றோம். நேர்ந்துகொண்டது ஒன்று, கைக்குக் கிடைத்தது ஒன்று. லோரா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு என் விரதத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "மீன் பிடிக்க யார் சொன்னது மேன்? கட்டச் சொல்லு, அது போதும்."

பட்டறையிலிருந்து சின்னக் கைவைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மணைப்பலகையில் பொருத்தினேன். தூண்டில் முள் ஒவ்வொன்றின் கூர்முனையையும் மீன் நழுவாமல் பிடிக்கும் எதிர்க்கொக்கியையும் குறடால் நறுக்கி, அரத்தால் ராவி மழுக்கினேன். விரதத்துக்கும் ஆயிற்று, அவள் விரலுக்கும் பத்திரம்.

இறகுக்கு அல்சூர் மார்க்கெட்டில் கோழிக்கடை பாயிடம் போனேன். முன்பு வாராவாரம் வாங்கிய கடைதான்.

"இன்னாண்ணே, ஆளையே காணோம்! எவ்ளோ போடட்டும்?"

"கறி வேணாம் பாய். சேவல் கழுத்து ரெக்கை மட்டும் கொஞ்சம்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "கோழிய உட்டுட்டு ரெக்கைக்கு வந்த ஒரே கிராக்கி நீதாண்ணே," என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் மரகதம் விடவில்லை. "அந்தச் சேவல் சிரிச்சுக்கிட்டா குடுத்துச்சு?"

"அது வேற யாருக்கோ வெட்டினதுடி."

"நல்லாப் பேசுறீங்க, வக்கீலாட்டம்."

கடைசியில் ஒன்று குறைந்தது. பூச்சியின் உடம்புக்கு மயில் தோகையின் ஓரத்து இழை வேண்டும். வேறு எதைச் சுற்றினாலும் அந்த மினுமினுப்பு வராது. எங்கள் வீட்டில் மயில் தோகை ஒரே இடத்தில்தான் இருந்தது. பழனியிலிருந்து வாங்கி வந்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகியது.

"சாமிக்கு வச்சதைப் பிச்சு மீனை ஏமாத்தவா? கையை வைங்க பாக்கலாம்," என்றாள் மரகதம். கனகா மணைப்பலகை முன் உட்கார்ந்து, சேவல் இறகை மடியில் வைத்துக்கொண்டு, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தொடர்ந்து மரகதமும் பார்த்தாள். படத்தில் முருகனுக்குப் பக்கத்தில் மயில். கொடியில் சேவல்.

மரகதமே எழுந்து போனாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு தோகையிலிருந்து ஓர் இழையை உருவினாள். "ரெண்டும் அவருதுதான். அவரே பாத்துக்கட்டும்," என்று கனகாவின் வலது கையில் வைத்தாள்.

கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு உதவலாம். முதலில் பெரிய கொக்கியாக எடுங்கள். மெழுகு தடவிய பட்டு நூலை கொக்கி வளையத் தொடங்கும் வால்புறம் வரை நெருக்கமாகச் சுற்றவேண்டும். அங்கே தோகை இழையைக் கட்டி, முன்னோக்கிச் சுற்றிக்கொண்டு வந்தால் உடம்பு. தலைக்கருகே சேவல் இறகைக் கட்டி இரண்டு மூன்று சுற்று சுற்றினால் மயிர்கள் கால்களாகச் சிலிர்க்கும். பிறகு முடிச்சு, அது அவிழாமலிருக்க மேலே ஒரு சொட்டு மரப் பாலிஷ். தோகை இழை பட்டென்று அறுந்துவிடும். நூலோடு சேர்த்து முறுக்கிக்கொண்டால் தாங்கும். பிள்ளை கட்டியது கோணலாக இருந்தால் கோணலாகவே விட்டுவிடுங்கள். ஒருநாள் கனகா தூங்கியதும் நான் ஒன்றை எடுத்துத் திருத்தி வைத்தேன். காலையில் கண்டுபிடித்து, அதை மட்டும் தனியே ஒதுக்கினாள். "இது உன்னுது," என்றாள்.

நூலைச் சுற்ற வலது கைதான் வேண்டும், இடது கை இழையைப் பிடித்திருக்கிறதே. முதல் பூச்சி கரப்பான்போல இருந்தது. பங்குனியில் கட்டியவற்றை ஈ உட்கார்ந்திருக்கிறது என்று மரகதமே முந்தானையால் விரட்டினாள்.

அடுத்தது வீசுவது. லோரா அம்மா தம் அப்பாவின் பிளந்த மூங்கிலால் செய்த தூண்டில் தடியைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிப் புல்வெளியில், நூல் நுனியில் கம்பளிக் குஞ்சம் ஒன்றைக் கட்டிப் பழக்கினார். தடியைப் பின்னால் உயர்த்தி, நூல் முழுவதும் பின்னே நீளும்வரை நிறுத்தி, பிறகு முன்னே விடவேண்டும். நானும் பழகினேன். எனக்கு நூல் காலடியிலேயே குவிந்தது.

"அவசரப்படாதே மேன். தோளை ஆட்டாதே. முழங்கையை விலாவோட ஒட்டி வை. எங்க டாடி எனக்குக் கக்கத்துல ஜெபப்புத்தகம் இடுக்கி வைப்பார், அது விழக்கூடாது."

கனகா தன் கையைக் குனிந்து பார்த்தாள். "ஆன்ட்டி, எனக்குப் புத்தகமே வேணாம். ஒட்டித்தானே இருக்கு!"

நோய் வந்த பிறகு அவள் தன் கையைப் பற்றிச் சொன்ன முதல் வேடிக்கை அது. லோரா அம்மா தலையைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கனகா வீசினாள். அவள் கை மெதுவானது. அதனால் பின்னே போன நூலுக்கு வேண்டிய நேரம் தானாகக் கிடைத்தது. மஞ்சள் நூல் புல்லின்மேல் நேராகப் படுத்தது.

அதன்பிறகு புல்வெளி அவளுக்குப் போதவில்லை. "மீன் நம்புதான்னு பாக்கணும்ப்பா." தினம் அதே பேச்சு. முள்தான் இல்லையே என்று நானும் இறங்கி வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மரகதமும் கனகாவும் ஓசூர் ரோடு பஸ்ஸில் ஹெப்பகோடி ஏரிக்குப் போனோம். ஏரிக்கரையில் ஒருவர் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மீன் பிடிக்க வந்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம், இல்லை என்று இரண்டும் சொன்னேன். கொக்கியை வாங்கிப் பார்த்தவர், "முள்ளே இல்வல்லா சாமி!" என்று எருமையிடமே சொல்லிச் சிரித்தார்.

காற்று அடங்கியிருந்தது. கரையோரத்தில் சின்னக் கெண்டைகள் நீர்மேல் வட்டம் போட்டன. கனகா வீசினாள். பூச்சி மிதந்தது. ஒன்றும் இல்லை. மறுபடி. மறுபடி. மரகதம் புளியோதரை மூட்டையைப் பிரித்தாள்.

அப்போது பூச்சி இருந்த இடத்தில் தண்ணீர் உள்ளே குழிந்தது. நூல் ஓடியது. "அப்பா!" என்று கனகா கத்தினாள். இடது கை எங்கள் பக்கம் காற்றில் நின்றது. வலது கை மணிக்கட்டை வெட்டி, முழங்கையை மடித்து, தடியைத் தூக்கி இழுத்தது. யாரும் சொல்லவில்லை. அவளே சொல்லியிருக்க மாட்டாள். பதற்றத்தில் முதலில் பாய்ந்தது அந்தக் கை.

மரகதம் என் தோளை நகம் பதியப் பிடித்தாள்.

தடி நிமிர்ந்துவிட்டது. நூல் தளர்ந்தது. மீன் போய்விட்டது.

"வந்துச்சுப்பா! நம்பிடுச்சு! விட்டுட்டுப் போயிடுச்சே!" சிரித்துக்கொண்டே தொடங்கியவள் அழுகையில் முடித்தாள். "ஒரே ஒரு தடவை முள்ளோட போடலாம்ப்பா. கையில எடுத்துப் பாத்துட்டு விட்டுடறேன். சத்தியமா."

"வேணாம்மா. சாமிக்குச் சொன்னது."

மரகதம் என்னைப் பார்த்தாள். "நேர்ந்துகிட்டது நீங்க. அவ இல்ல," என்றாள்.

நான் நூலைச் சுற்றத் தொடங்கினேன். முருகன் ஒரு கையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பாதி வழியில் நான் வார்த்தை மாறினால் என்ன ஆகும் என்ற பயம்தான் இருந்தது. பஸ்ஸில் கனகா அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வீடு வந்ததும் மணைப்பலகை முன் உட்கார்ந்து புதிதாக ஒன்று கட்டத் தொடங்கினாள்.

அதன்பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். எத்தனையோ மீன்கள் வந்து தொட்டுவிட்டுப் போயின. ஒன்றையும் அவள் கையில் எடுத்ததில்லை. மரகதம் சொல்வாள், "பிடிச்சிருந்தா ஒரு மாசத்துல தடிய மூலையில போட்டிருப்பா." இருக்கலாம். அந்த ஏக்கம்தான் அவள் கையைத் திரும்பத் திரும்ப ஏரிக்கு அழைத்துப் போயிருக்கலாம். ஆனால் பிள்ளையின் ஏக்கத்தை மருந்தாகக் கொடுத்தது சரியா என்று நீங்கள் கேட்டால், எனக்குத் தெரியாது.

கனகாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். வலது கையால்தான் எழுதுகிறாள். ரவிக்கையின் வலது கையை மட்டும் கொஞ்சம் சிறுத்துத் தைத்துக்கொள்கிறாள். தோள், டாக்டர் சொன்ன இடத்திலேயே நிற்கிறது. நான் கேட்டது முழுக் கை. கேட்டது கிடைத்ததா என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன், கேட்பதை விடவில்லை. காலையில் விளக்கேற்றும்போது அந்தத் தோளைத்தான் இன்னும் சொல்கிறேன்.

உடம்பைப் பற்றி எனக்கிருந்த அறிவு மாறிவிட்டது. எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் தோளைப் பார்க்கிறேன். நேரம் என்பதும் மாறிவிட்டது. முன்பு பட்டறைச் சங்கு ஊதுவதுதான் எனக்கு நேரம். இப்போது பின்னே போன நூல் நீளும்வரை நிற்கும் அந்த ஒரு மூச்சு, எந்த வேலைக்கு நடுவிலும் எனக்கு வருகிறது. எதற்கோ காத்திருக்கிறேன், அது இன்னும் வரவில்லை என்று தோன்றும்.

போன ஞாயிறு ஏரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை. என் கை தானாக மேலே போய்க் கம்பியைப் பிடித்தது. மூட்டு திரும்புவதும் தசை இழுப்பதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வயதான கை, எவ்வளவு சுலபமாகப் போகிறது. கனகாவின் வலது கைக்குக் கம்பி எட்டாது. அடுகோடி திருப்பத்தில் பஸ் சாய்ந்தது. அவள் என் சட்டையைப் பற்றிக்கொண்டாள், வலது கையால், கசங்கும்படி.