பொட்டு வைக்காத பேராசிரியர்

வெள்ளிக்கிழமைகளில் முன்னறைப் படங்களைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பது என் வேலை. மாமாவின் படத்துக்கு வைப்பேன், மாமிக்கு வைப்பேன், என் மனிசனுக்கு வைப்பேன். நாலாவது படத்தின் முன்னால் விரல் நின்றுவிடும். தலைப்பாகை கட்டி, ஒரு கையை மேசையில் ஊன்றி நிற்கிற அந்த மனிதர் எங்களுக்கு எந்த உறவுமுறையும் இல்லை. பெயர்கூடத் தெரியாது. கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தில் வெள்ளைப் பெயின்றால், இங்கிலீசில், அவர் ஒரு டொக்டர் என்றும் பேராசிரியர் என்றும் எழுதியிருக்கிறது. அது பொய். சுரண்டியும் போகாத பொய். அவரை இந்தச் சுவருக்குக் கொண்டுவந்தவர் மாமி. அவருக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று சொன்னவரும் மாமிதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா போன பிறகு மாமி என்னைத் திருகோணமலைக்குக் கூட்டிவந்து தன் மகளைப் போல வைத்திருந்தார். மாமியின் ஒரே மகன் மச்சானுக்குத்தான் நான் என்பது வீட்டில் பேசி முடித்த கதை. அவருக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தால் கலியாணம். மாமா அதற்கு முன்னமே காய்ச்சலில் போய்விட்டார். துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலிகளுக்குத் தார் பூசுகிற வேலை அவருக்கு. தன் பெயரை எழுதத் தெரியாது. ஆனால் படத்தில் பார்த்தால் நீதவான் மாதிரி இருப்பார். அவர் போட்டிருக்கிற கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. பெரிய அளவானபடியால் முதுகுப்பக்கம் ஊசி குத்தி இழுத்து வைத்திருந்ததாம். மாமி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு, கண்ணாடியில் அவர் நெற்றி இருக்கிற இடத்தில் பொட்டை வைப்பார். வருசக்கணக்காக ஒரே இடத்தில் வைத்து வைத்து, துடைத்தாலும் போகாத ஒரு வெளிறிய வட்டம் அங்கே விழுந்திருந்தது.

யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது சனம் கதவைப் பூட்டவும் நேரமில்லாமல் ஓடியது. நாங்கள் மூதூருக்கு வள்ளமேறி, அங்கிருந்து இலங்கைத்துறையில் மாமியின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். பயம் கொஞ்சம் தெளிந்து திரும்பி வந்தால் எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பானை சட்டி, மச்சான் உடுத்துகிற சாரம், குசினிக் கதவு எல்லாம் களவு போயிருந்தன. மாமி அவற்றைப் பார்க்கவில்லை. சுவரில் படம் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆணி இருந்தது. ஆணிக்குக் கீழே புகை படியாத ஒரு வெள்ளைச் சதுரம்.

“அரிசிப் பானையைக் கொண்டு போனது சரி. செத்த மனிசனை ஆர் பிள்ளை களவெடுப்பினம்?” என்றார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒன்றை நினைத்தால் அதையே நினைத்துக்கொண்டிருக்கிற சுபாவம். அந்த வெள்ளைச் சதுரம் என்னைத் தூங்க விடவில்லை. விசாரித்தால் இன்னும் சில வீடுகளிலும் அப்படித்தான் என்றார்கள். இருந்தவர்கள் ஓடிப்போக, இறந்தவர்களும் சுவரை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள் போல எனக்கு இருந்தது. மாமியிடம் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் கல்லூரி வந்தது. துறைமுகத்துக்குப் போகிற தெருவில், ஆட்கள் விட்டுப்போன ஒரு மாடிவீட்டின் மேல்தட்டில் பலகை தொங்கியது. சீமையில் உள்ள பெரிய கல்லூரியோடு இணைந்தது என்று அதில் இருந்ததாம். அதன் அதிபர் எந்த ஊர் என்று எவருக்கும் தெரியாது. வெள்ளைக் கோட்டு, மெதுவான குரல். சீமையின் அங்கீகாரக் கடிதம் எங்கே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: அதை ஏற்றி வந்த கப்பல் குண்டுபட்டுக் கடலுக்குள் தாண்டுபோய்விட்டது. தினமும் கப்பல் தாழுகிற காலம். யார்தான் மறுத்துப் பேசுவது? துறைமுகத்தில் ஆட்களுக்குத் தட்டுப்பாடு. அந்தக் கல்லூரியின் சான்றிதழைக் காட்டியவர்களைத் துறைமுகத்துப் பெரிய கிளாக்கர் வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

மச்சான் காயம் கட்டுகிற டிரெசர் வேலைக்குப் படித்தார். படிப்பென்றால், மூன்று வாரம் பின்னேரங்களில் போய், கீழ்த்தட்டு அறையில் ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதினார். மீன் வெட்டும்போது செவுளில் இரத்தம் கண்டால் முகத்தைத் திருப்புகிற மனிதர் அவர்.

“மச்சான், எரிஞ்ச ஆள் வந்தால் என்ன செய்வியள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“படத்தில பாத்தனான்.”

“படத்தில இருக்கிற ஆள் கத்துமோ?”

“உனக்கு எல்லாத்துக்கும் பயம்,” என்று சிரித்தார். ஆனால் அவருடைய கை புத்தகத்தின் மேல் அசையாமல் கிடந்தது. அவருக்கும் பயம்தான். வரும் திங்கட்கிழமை அவரைத் துறைமுக ஆஸ்பத்திரியில் நிறுத்தப்போகிறார்கள். குண்டு மறுபடி விழுந்தால் முதலில் வருகிற உடம்பு இவர் கையில்தான்.

பட்டமளிப்பு ஒரு பின்னேரம் நடந்தது. மாமி கோயிலுக்குப் போய், மகனுக்காக அர்ச்சனை செய்து, சந்தனத்தை இலையில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். மேல்தட்டில் விமானத்துக்குப் பயந்து யன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வெளியே வெயில் எரிந்தது. உள்ளே மேசை விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். சுவர் முழுக்கப் படங்கள். எல்லாரும் பேராசிரியர்கள் என்று மச்சான் காதுக்குள் சொன்னார். அதிபர் உள்ளே வந்ததும் முதலில் எங்களை அல்ல, அந்தச் சுவரைத்தான் கும்பிட்டார்.

“இவர்கள் எல்லாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்,” என்றார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். விளக்கு ஆடியது. வெளிச்சம் கண்ணாடிகளில் ஊர்ந்தபோது, ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு வெளிறிய வட்டம் தெரிந்து மறைந்தது. ஒருவருக்கு, அடுத்தவருக்கு, அதற்கு அடுத்தவருக்கு. எனக்கு அது என்னவென்று உடனே விளங்கிவிட்டது. மாமியின் கையைப் பிடித்தேன். அது ஏற்கனவே குளிர்ந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஓரத்தில், கோட்டுப் போட்ட ஒரு பேராசிரியரை.

மச்சானின் பெயரைக் கூப்பிடுகிற நேரம் மாமி எழுந்து சுவருக்குப் போனார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சந்தனத்தை விரலில் தொட்டு, அந்த நெற்றியில் வைத்தார். புதுப்பொட்டு பழைய வட்டத்துக்குள் அச்சொட்டாகப் போய் இருந்தது.

“இதில என்ன எழுதியிருக்கு தம்பி? வாசி.”

மச்சான் வாசித்தார். “சத்திரசிகிச்சைப் பேராசிரியர்... டொக்டர்...”

“அம்மா, முகச்சாயலில் நீங்கள்...” என்று அதிபர் தொடங்கினார்.

“சாயலோ? இவர் என்ர மனிசன். சங்கிலிக்குத் தார் பூசினவர். இவர் எப்ப ஐயா வயிறு வெட்டப் படிச்சவர்? அந்தக் கோட்டுக்குப் பின்னால ஊசி குத்தியிருக்கு, தெரியுமோ உங்களுக்கு?”

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திவிட்டார்கள்.

அதிபர் மாமிக்குக் கிட்ட வந்து, எனக்கும் கேட்கிற அளவில் சொன்னார். “மகனுடைய சான்றிதழ் மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமை வேலை. படத்தை நானே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன். போய்க் கதிரையில் இருங்கள்.” அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை நடுங்க வைக்கிறது.

மாமி மகனைப் பார்த்தார். அந்த ஒரு தாளில் மச்சானின் உத்தியோகம் இருந்தது. என் கலியாணமும் இருந்தது. மாமி இருந்துவிட வேண்டும் என்றும் இருந்துவிடக் கூடாது என்றும் நான் ஒரே மூச்சில் வேண்டினேன்.

“தம்பி, திங்கக்கிழமை ஒருத்தன்ர காயத்தில கை வைப்பாய். கை விறைச்சால் ஆரைக் கேட்பாய்? இந்தப் பேராசிரியரையோ?”

மச்சான் மேசைப் பக்கம் திரும்பவேயில்லை. நேரே வந்து தகப்பனின் படத்தை ஆணியிலிருந்து கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

முன்வரிசையில் இருந்த பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மேசை விளக்கைத் தூக்கி ஒவ்வொரு படமாகப் பிடித்துப் பார்த்தார். நடுவில் ஒரு படத்தின் முன்னால் விளக்கு நின்றது. “பெரியையா,” என்றார் மெல்ல. எத்தனையோ தடவை அவர் அந்தப் படத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்திருக்கிறார். பிறகு அறை முழுக்க எழுந்தது. “ஐயோ, எங்கட அப்பு!” என்றது ஒரு குரல். “அண்ணை, இஞ்ச நிக்கிறியளோ?” என்றது இன்னொன்று. தொலைந்துபோன ஆளைச் சந்தையில் கண்டுபிடித்தது போலத்தான் கேட்டார்கள். இருட்டுக்குள் அழுகையும் கண்ணாடி உரசுகிற சத்தமும்.

எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதிபர் போய்விட்டார். பின்படிக்கட்டில் காலடி கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அவரைத் தேட ஒரு படம் வேண்டும் என்று பிறகு பொலிஸ் கேட்டது. அந்தச் சுவரில் அவருடைய படம் மட்டும் இருக்கவில்லை. பெரிய கிளாக்கர் அந்தக் கல்லூரித் தாளோடு வந்தவர்களை எல்லாம் வேலையிலிருந்து நிறுத்தினார்.

கடைசியில் சுவரில் ஒரே ஒரு படம் எஞ்சியது. தலைப்பாகை மனிதர். எவரும் வரவில்லை. விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். அவருடைய நெற்றியில் மட்டும் வட்டம் இல்லை.

“இந்த மனிசனை இந்த இருட்டுக்குள்ள தனிய விட்டிட்டுப் போக ஏலாது,” என்று மாமி அவரையும் கழற்றினார். நான் சந்தனத்தை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். “பொட்டு வைக்காத. களவெடுக்கேக்க உயிரோட இருந்திருக்கிறார். இப்பவும் எங்கையும் இருப்பார். தேடி வருவார்.”

மச்சான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பிறகு தகப்பனின் வேலையே கிடைத்தது, தார் பூசுவது. அந்தக் கறுத்த விரல்களோடுதான் என்னைக் கலியாணம் கட்டினார். தேடி வருகிற ஆளுக்காக மாமி கொஞ்சக் காலம் வாசல் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார். அந்த மனிதரின் வீட்டில் குண்டு விழுந்திருக்கலாம் என்று அவரும் நினைத்திருப்பார். வாய்விட்டுச் சொன்னதில்லை. பொட்டு வைக்கிற வழக்கமில்லாத சேர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் படமாக இருக்கலாம் என்றும் நான் நினைத்ததுண்டு.

இப்போது என் பேத்தி உண்மையாகவே டொக்டருக்குப் படிக்கிறாள். போன வெள்ளிக்கிழமை அவள் நாலாவது படத்தைக் காட்டிக் கேட்டாள்: “அம்மம்மா, கணக்குப் பாத்தால் இவர் எப்பவோ செத்திருப்பார்தானே? வைச்சு விடுங்கோவன்.” அவள் சொன்னது சரி. சந்தனத்தைத் தொட்டு விரலைக் கிட்டக் கொண்டு போனேன். கண்ணாடிக்குள்ளிருந்து அவர் பொறுமையாக என்னைப் பார்த்தார். அவர் செத்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க நான் ஆர்? விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். சாத்தியிருந்தது. திறந்து வைத்தேன்.