நேரில் வந்து சொல்கிறவன்

என் தம்பி பிரடெரிக்குக்குப் பந்து உதைக்கத் தெரியாது. சின்ன வயதில் தங்கச்சிமடம் கடற்கரையில் அவன் உதைத்த பந்தெல்லாம் நேராகக் கடலுக்குத்தான் போகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் அப்படிச் சாக்குச் சொல்லவில்லை. பந்தை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்தான். எந்த வேனில் போவது, யார் வீட்டில் சோறு, எந்த நடுவர் ஒழுங்கானவர், எல்லாம் அவன் பொறுப்பு. மீசை முளைத்த கையோடு எங்கள் ஊர் கால்பந்துக் கழகத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டான்.

அந்தக் கழகத்துக்குக் கோல் அடித்தவன் பெஞ்சமின், மண்டபத்துக்காரன். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். முழங்கால் போய் பெஞ்சமின் ஆட்டத்தை விட்டபோது, அவனைவிட அதிகம் அழுதது என் தம்பி. பெஞ்சமினுக்கு மகள் பிறந்ததும் ஞானத்தகப்பனாக நின்று, ஞானஸ்நானத் தொட்டிக்குப் பிள்ளையை ஏந்திக்கொண்டு போனவனும் இவன்தான். ஜாஸ்லின் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கம் ஞானத்தகப்பன் என்றால் பேருக்கு நிற்கிற ஆள் இல்லை, இன்னொரு அப்பன். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசினால், கோயிலில் ஓலை வாசிப்பதற்கு முன்னால் அவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்ல வேண்டும். ஓலை என்பது பூசையில் சாமியார் படிக்கும் கல்யாண அறிவிப்பு. பெண் ஊரிலும் மாப்பிள்ளை ஊரிலும் மூன்று ஞாயிறு படிப்பார்கள்.

பிறகு சென்னையில் ஒரு கால்பந்து அணி தம்பியை வேலைக்கு எடுத்தது. பெட்டி தூக்குகிற வேலையில் சேர்ந்து தலைமை நிர்வாகி வரை போனான். ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதும் அவன்தான், கழற்றி விடுவதும் அவன்தான். மற்ற அணிகளில் வேலை போனவனுக்குப் போனில் செய்தி வரும். இவன் நேரில் போவான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டு, அவன் பையை வாங்கித் தான் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போவான். பஸ் கிளம்பும் வரை நிற்பான்.

"அடுத்தவன் சொல்லி அவன் கேக்கக் கூடாதுக்கா. நேர்ல சொன்னா வலி கொறையும்" என்பான். அதில் அவனுக்கு ஒரு பெருமை. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

அந்த அணியின் முதலாளி ஒரு முதலீட்டு நிறுவனம் தொடங்கியபோது இவனையும் கூட்டிக்கொண்டார். பணக்காரர்களிடம் பணம் திரட்டி, வளர்கிற சின்னக் கம்பெனிகளில் பாதிக்கு மேல் பங்கு வாங்குவார்களாம். சில வருஷம் வளர்த்து நல்ல விலைக்கு விற்பார்களாம்.

"ஏலே, கெடாக்குட்டி வளக்குற மாதிரியா?" என்று கேட்டேன். சிரித்தானே ஒழிய இல்லை என்று சொல்லவில்லை.

பெஞ்சமின் அதற்குள் மண்டபத்தில் நண்டுக் கம்பெனி வைத்திருந்தான். படகுக்காரர்களிடம் நண்டு வாங்கி, அவித்து, சதை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற வேலை. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதை எடுப்பார்கள். வாசலில் ஜாஸ்லின் என்று பெரிதாக எழுதியிருக்கும். பெரிய குளிர் அறை கட்ட அவனுக்கு ஆசை. பாதிக்கு மேல் பங்கு வாங்கிப் பணம் போட, தம்பி தன் நிறுவனத்தைக் கூட்டி வந்தான்.

கையெழுத்துப் போட்ட அன்று நானும் அங்கே இருந்தேன். சாப்பாடு முடிந்ததும் தம்பி தாள்களை எடுத்து வைத்து, "வாசிச்சுப் பாரு பெஞ்சமினு" என்றான்.

பெஞ்சமின் மனைவி ஆஸ்லின், "ஒரு வக்கீல்ட்ட காட்டிட்டுப் போடுவமே" என்றாள்.

பெஞ்சமினுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளைக்கு ஞானத்தகப்பன் கொண்டாந்ததை வக்கீல்ட்ட காட்டவா? அவன் மூஞ்சியில துப்புன மாதிரி ஆகாது?" என்று சொல்லி, ஒரு வரியும் படிக்காமல் போட்டான். தம்பி இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நண்பன் நம்பியதில் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

குளிர் அறை வந்தது, லாரிகள் வந்தன. சில வருஷத்தில் விற்கிற நேரமும் வந்தது. வாங்கியது ஒரு பெரிய ஏற்றுமதிக்காரர். அவருக்கு வேண்டியது பெஞ்சமினின் படகுக்காரர்களும் வெளிநாட்டு வாடிக்கையும்தான். மண்டபத்துக் கொட்டகை வேண்டாம், பெஞ்சமினும் வேண்டாம். அப்படி விற்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று அவன் படிக்காத தாளில் இருந்தது. தம்பி ஆபீசில் சண்டை போட்டுப் பார்த்தான், எடுபடவில்லை. அப்போதே வேலையை உதறியிருந்தால் நான் அவனைக் கும்பிட்டிருப்பேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. செய்தியை நானே போய்ச் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

கொட்டகையில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஆஸ்லின் பிறகு சொன்னாள். தம்பி நண்பன் தோளில் கை வைத்துச் சொல்லியிருக்கிறான். பெஞ்சமின் அந்தக் கையை எடுத்துவிட்டான்.

"வேற எவனாச்சும் வந்து சொல்லியிருந்தா, ஒன்ட்ட வந்து அழுதிருப்பேன்லே. இப்ப நான் யார்ட்டப் போவேன்?"

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. கொஞ்ச நாளில் தம்பி வேலையை விட்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். மண்டபத்துக்குப் பல தடவை போனான், கதவு திறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று கிடந்தான்.

போன மாதம் ஒரு ஞாயிறு பூசையில் சாமியார் முதல் ஓலை வாசித்தார். மாப்பிள்ளை எங்கள் ஊர்ப் பையன் சகாயவினோத். பெண் மண்டபம் பெஞ்சமின் மகள் ஜாஸ்லின். கடைசிப் பெஞ்சில் இருந்த தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு வெற்றிலை வரவில்லை என்பது கோயிலுக்கே தெரிந்துபோனது. எனக்குக் கோபம்தான் வந்தது. அவனோ மறுநாள் ராமநாதபுரம் போய் அரக்குப் பட்டு ஒன்று எடுத்து வந்தான். கல்யாணப் பெண்ணுக்கு ஞானத்தகப்பன் செய்கிற முறை.

"வருவாங்கக்கா. இன்னும் ரெண்டு ஓலை இருக்குல்ல" என்றான். இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. யாரும் வரவில்லை.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் ஜாஸ்லின் வந்தாள், தனியாக. தட்டில் வெற்றிலை பாக்கு. தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கினான். உள்ளே ஓடிப் பட்டுச் சேலையை எடுத்து வந்தான். அவள் வாங்கவில்லை.

"சித்தப்பா, நீங்க கல்யாணத்துக்கு வர வேணாம். நீங்க கோயில்ல இருந்தா உள்ள வரமாட்டேன்னு எங்க அய்யா சொல்லிட்டாரு. கேட்டுப் பாத்துட்டேன், அழுதும் பாத்துட்டேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேற யாரும் சொல்லி நீங்க கேக்கக் கூடாதுன்னு நானே வந்தேன்."

தம்பி சேலையைக் கீழே வைத்தான். "வெயிலா இருக்கு, வாம்மா" என்று சொல்லி, அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நிறுத்தம் வரை போனான். மண்டபம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அது கிளம்பும் வரை நின்றிருக்கிறான்.

திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"நேர்ல சொன்னா வலி கொறையும்னு எத்தனை பேருக்குச் சொன்னேன்" என்றான். "கொறையலக்கா."

கல்யாணத்தன்று எங்கள் கோயில் மணி அடித்தபோது அவன் உள்ளே படுத்திருந்தான். எனக்கு அழைப்பு வந்திருந்தது. நானும் போகவில்லை.